ரோட்டின் மேல் போட்ட பந்தல்

பாறைக்காட்டூர் மருதாசலத்துக்குக் கழுத்து வளையாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுளுக்கு, வாதம் என்று ஒன்றும் கிடையாது. எதிரே வருகிறவர் முதலில் கும்பிடட்டும் என்று காத்திருந்து காத்திருந்து அப்படியே நின்றுபோன கழுத்து. அவர் அப்பாவுக்கும் அப்படித்தான். "நம்மூட்டுப் பேச்சு வாசப்படி தாண்டாது" என்பது இரண்டு தலைமுறையாக அந்த வீட்டில் வேதம்.

எண்பத்து மூன்றாம் வருஷம் வைகாசியில் மகன் தண்டபாணிக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டிலேயே நடத்துவதென்று பேசி, நாளும் குறித்தாகிவிட்டது. பந்தல்கால் நடுவதற்குள், ஊர் மொத்தமும் சபைக்குப் போகிற சுடர்மலை மடத்தின் ஜீப் வாசலில் வந்து நின்றது.

இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் மடத்துக் காரியக்காரர் சென்னியப்பன். மடத்துப் பெரியசாமி பேசுவதை விட்டுப் பல வருஷமாகிறது; அவர் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர் இவர். ஆத்தூருக்குக் கிழக்கே ஏதோ ஊர். பின்னால் வந்தவர் உள்ளூர் அப்புசாமி. மருதாசலத்தின் ஒன்றுவிட்ட அக்கா பாப்பாயியைக் கட்டியவர், அதற்கும் மேலாக அருமைக்காரர். எங்கள் பக்கத்துக் கலியாணங்களை, அதற்கென்று சீர் செய்துகொண்டு தகுதி பெற்ற அருமைக்காரர்தான் முன்னின்று நடத்துவார். அவர் இல்லாமல் மணவறையில் ஒரு மஞ்சள் துண்டுகூட அசையாது.

மருதாசலத்தின் மனைவி சென்னியம்மாள் இரண்டு சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள். வந்தவர்கள் தொடவில்லை.

தொடாததற்குக் காரணம் இருந்தது. சென்னியம்மாள் ஒரு சமயம் படுத்த படுக்கையாகிப் பிழைத்தபோது, நேர்ந்துகொண்டபடி மகள் சௌந்திரத்தை மடத்துச் சேவைக்கு அனுப்பினார்கள். அப்போது அது பெருமையாகத்தான் இருந்தது. சபையில் மருதாசலத்துக்கு முன்வரிசை கிடைத்தது. மூன்றாம் வருஷம் ஒரு காலையில் சௌந்திரம் பால்வண்டியில் ஏறி, கட்டின சேலையோடு வீட்டுக்கு வந்தாள். வந்தவள் சொன்னாள்: எதிர்த்துப் பேசுகிற பெண் பிள்ளைகளைத் தானிய அறையில் போட்டுப் பூட்டுகிறார்கள், அதற்கு மௌன விரதம் என்று பேர், சோறு கிடையாது, காரியக்காரர் கையில் புளியம் விளாறு இருக்கும். அம்மாவிடம் சொன்னாள், கிணற்றடியில் சொன்னாள், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

மடம் முதலில் சிரித்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றது. பிறகு மந்தையை விட்டு ஓடிய கன்றுக்குட்டியின் கதையைச் சபையில் உருகி உருகிச் சொன்னது. பிறகு, மடத்தை விட்டுப் போனவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று கட்டளை போட்டது. யாரோடோ ஓடப் பார்த்தாள் என்று ஒரு வதந்தியும் மடத்து வாசலிலிருந்தே கிளம்பியது. அந்த அறையைத் திறந்து பார்ப்போம் என்று மட்டும் மடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

மருதாசலம் மகளை நம்பினார். அவள் முதுகைச் சென்னியம்மாள் பார்த்திருந்தாள். ஆனாலும், "ஊட்டுக்குள்ள சொல்லு சாமி, ரோட்டுல சொல்லாதே" என்றார். மடத்துக்குப் போவதை அன்றோடு நிறுத்தினார். ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களுக்கு முழங்கால் வலி என்றார். அந்த முழங்காலோடுதான் தினம் நாலு காடு சுற்றி வந்தார்.

பெண் கேட்டு வந்தவர்களில் பலர் வதந்தியைக் கேட்டுப் பின்வாங்கினார்கள். திருச்செங்கோட்டிலிருந்து மயில்சாமி மட்டும் வந்தான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கு லாரி வைத்திருப்பவன். "மடத்துச் சுவத்தைத் தாண்டின புள்ளையாங்க? அப்ப நம்ம வண்டியில ஏறவும் பயப்படாதுங்க" என்று சிரித்தான். கட்டிக்கொண்டான். இது பழைய கதை.

இப்போது சென்னியப்பன் மோர்ச் சொம்பை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

"கவுண்டரே, பெரியசாமிக்கு யார் மேலயும் கோபம் இல்லை. உங்க பொண்ணு சபைக்கு வந்து, 'புத்தி கெட்டுப் பேசிட்டேன், அத்தனையும் பொய்'னு ஒரு வார்த்தை சொல்லித் திருநீறு வாங்கிக்கட்டும். மடத்துக் குடும்பம் அத்தனையும் உங்க பந்தல்ல இருக்கும்."

"இல்லீன்னா?"

"அதுக்கும் ஒரு வழி இருக்கு. அந்தப் பொண்ணு மணவறைப் பக்கம் வராம இருந்தாச் சரி. இணைச்சீருன்னு என்னவோ பண்ணுவீங்களாமே, அதுக்கு ஒன்னுவிட்ட அக்கா தங்கச்சி யாரையாவது உக்கார வெச்சுக்குங்க. யாருக்கும் சங்கடம் இல்லை பாருங்க."

நல்ல யோசனை சொல்லிவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. அப்புசாமி மட்டும் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தார்.

இணைச்சீர் என்பது முகூர்த்தத்துக்கு முன்னால் செய்வது. மாப்பிள்ளைக்கு இணையாகக் கூடப்பிறந்தவளை உட்கார வைத்து, கூறைச் சேலையின் ஒரு முனையை அவன் கையிலும் மறு முனையை அவள் கையிலும் கொடுப்பார்கள். கட்டிக் கொடுத்தாலும் பிறந்த வீட்டில் அவளுக்குப் பாத்தியம் அறுந்துபோகவில்லை என்று ஊரறியச் சொல்லும் சீர் அது. ஒன்றுவிட்டவளை எப்போது உட்கார வைப்பார்கள்? கூடப்பிறந்தவள் பிறக்காதபோது. அல்லது பிறந்து செத்துப்போனபோது. கிழக்கத்திக்காரருக்கு அது தெரியவில்லை. அப்புசாமிக்குத் தெரியும்.

"ரெண்டும் முடியாதுன்னா, மடத்துக் குடும்பம் ஒருத்தரும் உங்க பந்தலுக்குள்ள கால் வைக்க மாட்டாங்க. அருமைக்காரரும் வர முடியாது" என்று சென்னியப்பன் எழுந்தார்.

"ரோசனை பண்ணிச் சொல்றனுங்க" என்றார் மருதாசலம்.

ஜீப் போனதும் சென்னியம்மாள் இரண்டு சொம்பு மோரையும் மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள். "எருமை குடிச்சுக்கும். அதுக்கு விரதம் இல்லை" என்றாள்.

மறுநாள் சௌந்திரமும் மயில்சாமியும் வந்தார்கள். விஷயம் திருச்செங்கோடு வரைக்கும் போயிருந்தது. சௌந்திரம் அப்பாவின் எதிரே நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அப்பா, தம்பி கலியாணம் நல்லபடியா நடக்கோணுங்க. நான் சீர்ல உக்காராட்டிப் போகுதுங்க. ஆனா பொய் சொன்னேன்னு மட்டும் சொல்ல மாட்டனுங்க. அங்க இன்னும் புள்ளைங்க இருக்குதுங்க."

"இவளுக்குப் பொய் சொல்ல வராதுங்க மாமா" என்றான் மயில்சாமி. "என்ற அம்மா போட்ட காப்பி நல்லா இருக்குதான்னு கேட்டா மட்டும் ஆமான்னு சொல்லுவா. அதுவும் மூஞ்சியில தெரிஞ்சுபோயிருதுங்க."

மருதாசலம் கட்டின வேட்டியை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். மகளைப் பொய்க்காரி என்று சபையில் நிறுத்துவதா, செத்தவள் என்று மணவறையில் காட்டுவதா, ஆளில்லாத பந்தலில் மகன் கலியாணத்தை நடத்துவதா? மூன்றிலும் வீட்டு மானம் தெருவில் கிடந்தது.

அந்த நேரத்தில் பாப்பாயி வந்தாள். அப்புசாமியின் மனைவி, அவளும் சீர் செய்துகொண்ட அருமைக்காரிதான். வாசலில் நின்றபடியே, "அம்மிணி சென்னியம்மா, ஒரு சொம்பு மோரு குடு" என்றாள்.

சென்னியம்மாள் திகைத்தாள். "மடத்துல…"

"மடத்துக்கா தாகம் எடுக்குது? எனக்குத்தான எடுக்குது?" பாப்பாயி சொம்பை வாங்கி, வழியில் போகிறவர்கள் பார்க்கும்படி அண்ணாந்து குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஏந் தம்பி மருதாசலம், உன்ற கலியாணத்துல இணைச்சீருக்கு யாரு உக்காந்தா?"

"நீதானக்கா."

"நான் எதுக்கு உக்காந்தேன்?"

"எனக்குக் கூடப்பொறந்த பொண்ணு இல்லை. அதனால."

"தண்டபாணிக்கு?"

மருதாசலம் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"கிழக்கத்தியான் தெரியாமச் சொல்லிப்போட்டான், அவனை விடு. தெரிஞ்சும் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு வந்தாரு பாரு உன்ற மச்சான், அவரைச் சொல்லோணும்." பாப்பாயி சௌந்திரத்தின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது. "அம்மிணி, அந்த அறைக்குச் சன்னல் இருக்குதா?"

"இல்லீங்க அத்தை."

பாப்பாயியின் கடைசி மகள் சாரதாமணி இன்னும் மடத்தில்தான் சேவையில் இருந்தாள்.

"எங்க சாரதா…"

"நான் வாரப்பத்தான் புதுசா வந்திருந்துச்சுங்க. ஆனா அது வாயாடிங்க அத்தை" என்று சௌந்திரம் மெதுவாகச் சொன்னாள்.

"ஆமா சாமி. என்ற புள்ளை வாயாடிதான்." பாப்பாயி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"மச்சானுக்கு இதெல்லாம் தோணலியா?" என்றார் மருதாசலம்.

"தோணுனா அப்பறம் அவரு தூங்கோணுமல்லோ? அதான் காதைப் பொத்திட்டுத் திரியறாரு."

மருதாசலம் எழுந்தார். "எம்பட வாசல்ல உக்காந்துட்டு, எம்மவளைச் செத்தவள்னு சொல்லச் சொல்றான். நான் ரோசனை பண்றேன்னு வேற சொல்லிப்போட்டேன்" என்று தனக்கே சொல்வது போலச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, "மருதாசலம் ஊட்டுப் புள்ளை பொய் சொல்லாது. அதை இத்தனை நாள் ஊட்டுக்குள்ள சொல்லிட்டிருந்தோம். இனி ரோட்டுல சொல்லலாம். மாப்பிள்ளை!"

"சொல்லுங்க மாமா."

"பந்தலை ரோட்டுக்கும் சேர்த்துப் போடோணும்."

மயில்சாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாய் காது வரை போயிற்று. மருதாசலத்தின் வீடு பஸ் ரோட்டை ஒட்டியது. ஊர் மொத்தமும் மடத்துக்குப் போவதானால் அந்த வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மற்ற வழி, முள்ளும் சேறுமான ஏரிக்கரை. இதற்குள் மடமும் சும்மா இருக்கவில்லை. பௌர்ணமிக்குக் கூடுகிற சபையை அந்த மாதம் முகூர்த்த நாள் காலைக்கு மாற்றி, எல்லோரும் வந்தே தீர வேண்டும் என்று சொல்லி அனுப்பியது.

"பந்தலுக்குள்ள கால் வெக்க மாட்டாங்களாமா? வெக்காமத் தாண்டிப் போகட்டும், பாக்கலாம்" என்றார் மருதாசலம்.

"பஸ் போற ஒசரத்துக்குங்களா மாமா?"

"கூரை மேல மூட்டை கட்டின பஸ்ஸும் போகோணும்."

ரிக்கு லாரியின் இரும்புக் குழாய்கள் வந்து பந்தல்கால்களாக நின்றன. லாரிப் பையன்கள் மேலேறி மூங்கில் கட்டினார்கள். ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துப் புளியமரம் வரைக்கும் தென்னங்கீற்று வேய்ந்தார்கள். ரோட்டை மறிக்கலாமா என்று கேட்க வந்த பஞ்சாயத்து மெம்பரை மருதாசலம் கழுத்தை வளைக்காமல் ஒரு பார்வை பார்த்தார். மெம்பர் குனிந்து கீற்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

முகூர்த்த நாள் விடிந்தது. இரண்டு பக்கமும் வாழை கட்டி, நாதஸ்வரக்காரர்கள் ரோட்டோரமாகவே உட்கார்ந்து ஊதினார்கள். மருதாசலம் பந்தலின் வாயிலில் நின்றார். ஒரு கையில் பன்னீர்ச் செம்பு, மறு கையில் சந்தனக் கிண்ணம். வெள்ளை உடுத்திக்கொண்டு சபைக்குப் புறப்பட்டவர்கள் கூட்டமாக வந்து, பந்தல் நிழல் விழுந்த கோட்டருகே நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அப்போது மருதாசலம் அந்த ஊர் பார்த்திராத காரியத்தைச் செய்தார். அவரே முதலில் கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. கலியாணத்துக்கு வராட்டிப் பரவாயில்லீங்க. ரோட்டுலதான போறீங்க? போங்க, போங்க."

பன்னீர் தெளித்தார். முதலில் நுழைந்தவள் பொன்னாயிக் கிழவி. "நான் கலியாணத்துக்கு வரலைங்க சாமி. ரோட்டுல போறேன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள். பாதி தூரத்தில் நின்றாள். "கால் வலிக்குது. இப்பிடி ரோட்டுலயே செத்த நேரம் உக்காந்துக்கறேன்." பெஞ்சில் உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். "ஏனுங்க, இந்த ரோட்டுல இட்லியும் போடுவாங்களா?"

அதற்குப் பிறகு வரிசை நிற்கவில்லை. எல்லோருக்கும் ரோட்டில் போகிற வேலை இருந்தது, எல்லோருக்கும் கால் வலித்தது. ஒருவர் வாழையிலையை மடியில் வைத்துக்கொண்டு, "பந்தியில உக்காரலை பாருங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் விளக்கம் சொன்னார். ஏரிக்கரை வழியாகப் போன சிலர் மட்டுமே சபைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், முழங்கால் வரை சேற்றோடு.

மணவறையில் தண்டபாணிக்கு இணையாக மஞ்சள் சேலையில் சௌந்திரம் உட்கார்ந்தாள். நேரம் நெருங்கியது. அருமைக்காரர் இல்லை, நடத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்த பாப்பாயியையும் காணவில்லை. மயில்சாமியும் இல்லை. அப்புசாமி ரோட்டின் கோடியில், பந்தல் நிழல் முடிகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். சபைக்கும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. மருதாசலம் பார்த்தார். கூப்பிடவில்லை. வர மறுத்தவரைக் கெஞ்சிக் கூப்பிட்டு அவர் வீட்டில் சீர் நடந்ததில்லை.

மடத்துப் பக்கமிருந்து ரிக்கு லாரியின் ஹாரன் நீளமாகக் கேட்டது. மயில்சாமி ஓட்டிவந்தான். பக்கத்தில் பாப்பாயி, அவள் தோளில் சாய்ந்தபடி சாரதாமணி.

நடந்ததை மயில்சாமி இறங்குவதற்குள்ளேயே கத்திச் சொன்னான். பாப்பாயி நேராகச் சபை நடுவில் போய் நின்று, மாமன் ஊட்டுக் கலியாணம், என் மகளை அனுப்புங்கள் என்றிருக்கிறாள். அவள் மௌன விரதத்தில் இருக்கிறாள் என்றார் சென்னியப்பன். "எந்த அறையில?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பாப்பாயி தானிய அறைக்கு நடந்தாள். சேற்றுக் காலோடு வந்திருந்தவர்கள் பின்னாலேயே எழுந்து போனார்கள். அவர்களுக்கும் அங்கே மகள்கள் இருந்தார்கள்.

"சாவி காணோம்னாருங்க மாமா. கருங்கல்லையே குடையற வண்டிங்க வாசல்ல நிக்குது, இதொரு பூட்டான்னு கேட்டேன். சாவி கெடைச்சிருச்சுங்க."

சாரதாமணி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியபடி இறங்கினாள். இளைத்திருந்தாள். வாய் இளைக்கவில்லை. "அம்மா, இட்லி வாசனை வருது. எல்லாரும் அப்பறமா அழுதுக்கலாம்" என்றாள்.

அப்புசாமி நடந்து வந்தார். பந்தலுக்குள் வந்துவிட்டது அவருக்கே தெரியவில்லை. மகள் முன்னால் நின்று, "சாமி… சௌந்திரம் சொன்னதெல்லாம்…" என்று இழுத்தார்.

"அவ கம்மியாத்தானுங்கப்பா சொல்லியிருக்கறா" என்றாள் சாரதாமணி. "அவ வந்து சொன்னதுக்கு அப்பறம் பூட்டுத்தான் பெருசாச்சு."

அப்புசாமி மகளின் தலையைத் தொட்டார். பிறகு மணவறைக்குப் போய் சௌந்திரத்தின் எதிரில் உட்கார்ந்தார். "அம்மிணி, அன்னிக்கு உங்க ஊட்டு மோரைக் குடிக்காமப் போயிட்டேன்."

"எருமை குடிச்சிருச்சுங்க மாமா."

"அதுக்கு எனக்கும் மேல புத்தி. ஒரு சொம்பு கொண்டாரச் சொல்லு சாமி. குடிச்சுப்போட்டு ஆரம்பிக்கறேன்."

மோர் வந்தது. குடித்தார். பாப்பாயி மஞ்சளையும் கூறைச் சேலையையும் எடுத்து வைத்தாள். அருமைக்காரர் வழக்கப்படி குரலெடுத்துக் கேட்டார்: "இணைச்சீருக்கு உக்காந்திருக்கறது யாருங்க?"

பெற்றவர் பேரைச் சொன்னால் போதும். மருதாசலம் பந்தலின் நடுவுக்கு, ரோட்டின் மேலேயே வந்து நின்றார். நாதஸ்வரம் நின்றது.

"மருதாசலம் மக சௌந்திரம். உசுரோட, நல்லா இருக்கறா. மடத்தைப் பத்தி அவ சொன்னது அத்தனையும் நெசம். இதை நான் ரோட்டுல நின்னு சொல்றேன்."

சேலையின் ஒரு முனை தம்பி கைக்குப் போயிற்று. மறு முனையைச் சௌந்திரம் வாங்கிக்கொண்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். "ரோட்டுல போறவ குலவை போட்டாத் தப்பில்லையே" என்று பொன்னாயிக் கிழவியும் சேர்ந்துகொண்டாள்.

அந்தச் சத்தத்தில் மடத்துப் பக்கமிருந்து ஜீப் வந்து நின்றது. சென்னியப்பன் பந்தலையும், இலை முன்னால் உட்கார்ந்திருந்த தன் சபையையும் பார்த்தார். ஜீப்பைப் பின்னால் எடுக்கச் சொன்னார். பின்னால் ராசிபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. முன்னால் போவதைத் தவிர வழியில்லை.

மருதாசலம் பன்னீர்ச் செம்போடு போனார். "வாங்க, பந்தலுக்குள்ள வந்துட்டீங்க. உண்ணுபோட்டுப் போங்க." தாராளமாகத் தெளித்தார். சட்டை நனைந்தது. குரலை மட்டும் மாற்றாமல், "பொழுதோட நாங்களே அங்க வாரோம். பெத்தவங்க அத்தனை பேரும் வாரோம், போலீஸ்காரரையும் கூட்டிட்டு. மிச்ச அறைச் சாவியெல்லாம் எடுத்து வெச்சிருங்க. காணோம்னா மாப்பிள்ளை வண்டி இருக்குது" என்றார்.

ஜீப் பந்தலின் நீளம் முழுவதும் ஊர்ந்து போயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. சேற்றுக் காலோடு திரும்பி வந்தவர்கள் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, ஜீப் மறையும் வரை பார்த்தார்கள். பின்னாலேயே பஸ் நுழைந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, "மாப்பிள்ளை எங்கீங்க?" என்று எட்டிப் பார்த்தார்.

மாப்பிள்ளை மணவறையில் எழுந்து நின்று தவித்துக்கொண்டிருந்தான். சீர் முடிந்துவிட்டது. சௌந்திரம் சேலை முனையை விடாமல் பிடித்திருந்தாள்.

"அக்கா, விடு. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

"இரு சாமி. இப்பத்தான் புடிச்சிருக்கறேன்."

"தாலி கட்டோணும் அக்கா."

"அப்பாவைக் கேளு" என்று சிரித்தாள்.

தண்டபாணி அப்பாவைப் பார்த்தான். மருதாசலம் நேராக நிமிர்ந்த கழுத்தோடு நாதஸ்வரக்காரரிடம் சொன்னார்:

"இன்னொரு பாட்டு வாசிங்க. எம்மவ விடற வரைக்கும் வாசிங்க."